பறிபோன பட்டினம்

ஓர் ஊரின் பெயரை மாற்றுவதற்கு ஓர் அரசாணை வேண்டும். அப்பெயருக்கு உரிய மக்களை மறப்பதற்கோ ஆணை எதுவும் வேண்டியதில்லை. காலமும் கவனக்குறைவும் போதும். நம் தலைநகரின் பெயரைக் குறித்து நிகழ்ந்த சொற்போர்களை எண்ணிப் பார்க்கும்போது நமக்குத் தோன்றும் முதல் உண்மை இதுவே. தமிழில் நெடுங்காலமாகச் சென்னை என்று வழங்கிவந்த நகருக்கு, 1996ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் அதுவே அதிகாரப்பூர்வமான பெயராயிற்று. மதராஸ் என்பது நீங்கிற்று. அன்று மூண்ட வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. மதராஸ் என்பது வெள்ளையன் விட்டுச்சென்ற எச்சம் என்பர் ஒரு சாரார். அச்சொல்லில்தான் நகரின் உயிர் இருக்கிறது என்பர் மற்றொரு சாரார். இவ்விருவருக்கும் இடையே, மதராஸ் நம் சமயத்தார் தந்த பெயர் என்று பெருமை கொள்ளும் கத்தோலிக்க அன்பர்களும் உளர். இம்மூவர் கூற்றும் குறையுடையது என்பதே நம் வாதம். மூவரும் ஒரு பெயரின் முற்பாதிக்காகப் போராடுகின்றனர். பிற்பாதி பறிபோனதை எவரும் கண்டிலர்.

இவ்வாதத்தை நாம் கோட்டை வாசலில் நின்று பேசவில்லை. வடசென்னை டோல்கேட்டில் நின்று பேசுகிறோம். திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியே நகருக்குள் வந்த வண்டிகளை நிறுத்திச் சுங்கம் தண்டிய வாயில் இது என்பதைப் பெயரே சொல்லும். வாயில் போயிற்று, தண்டியவரும் போயினர், பெயர் மட்டும் நின்றது. 2021 பிப்ரவரியில் இங்கே மெட்ரோ நிலையம் திறந்தபோது தமிழில் சுங்கச்சாவடி என்று எழுதினர். ஆயினும் பேருந்து நடத்துநரும், மீன்கூடையோடு ஏறும் தாய்மாரும் டோல்கேட் என்றே சொல்கின்றனர். இங்கிருந்து தெற்கே தண்டையார்பேட்டை. கடலோரமாய்க் காசிமேடு, இராயபுரம். வடக்கே காலடிப்பேட்டை, திருவொற்றியூர். அவற்றுக்கும் அப்பால் எண்ணூர். துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நெருங்கிக் கிடக்கும் இவ்வூர்ப் பெயர்களில் எத்தனை மனிதர் புதைந்துள்ளனர் என்பதை நினைப்பவர் சிலரே. ஆனால் நகரின் பெயர் வழக்குக்கு வேண்டிய சாட்சிகள் யாவும் இக்கரையிலேதான் இருக்கின்றன.

வெள்ளையன் தந்த பெயரா?

முதற்கூற்றை முதலில் ஆராய்வோம். மதராஸ் என்ற பெயரை ஆங்கிலேயர் கப்பலில் ஏற்றிக்கொண்டு வரவில்லை. 1639ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர் பிரான்சிஸ் டே, இக்கரையில் கோட்டை எழுப்பிக்கொள்ள தமர்லா வேங்கடப்ப நாயக்கரிடம் இசைவு பெற்றார். அந்த ஆவணத்திலேயே இவ்விடம் மதராசப்பட்டினம் என்று குறிக்கப்படுகிறது. புதிதாக வந்து இடம் கேட்பவன், தான் கேட்கும் இடத்துக்கு முன்னரே பெயர் வைத்திருக்க இயலாதன்றோ! அவன் கேட்டறிந்த பெயர் அது, கொடுத்த பெயரன்று.

இதனினும் வலிய சான்று ஒன்று அண்மைக்காலத்தில் வெளிச்சத்துக்கு வந்துள்ளது. கிருஷ்ணகிரி மாவட்டம் பெண்ணேஸ்வரமடத்தில் உள்ள விஜயநகர ஆட்சிக் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கீழைக் கடற்கரையின் சிறு துறைமுகங்கள் சிலவற்றோடு மாதரசன்பட்டணத்தையும் பெயர் சுட்டிக் கூறுகிறது. அக்கல்வெட்டின் காலம் 1367. அது குறிப்பது இன்றைய இராயபுரத்து மீன்துறையாக இருக்கலாம் என்று கருதுவாரும் உளர். அஃதாவது, பிரான்சிஸ் டே கால் வைப்பதற்கு 272 ஆண்டுகளுக்கு முன்பே இப்பெயர் கல்லில் ஏறிவிட்டது. அதனை அந்நியப் பெயர் என்று சொல்லித் தூக்கியெறிந்தவர்கள், ஆங்கிலேயனை எறிவதாக எண்ணிக்கொண்டு ஒரு பழைய நெய்தல் ஊரை எறிந்தனர்.

இக்குறை மதராஸ் பற்றாளரையும் விட்டபாடில்லை. 2004ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு 22ஆம் நாளை நகரின் பிறந்தநாளாகக் கொண்டாடி வருகின்றனர். 1639இல் கோட்டைக்கு இடம் எழுதிக் கொடுத்த நாள் அது. ஓர் இடம் கைமாறிய நாளை அவ்விடம் பிறந்த நாளாகக் கொண்டாடும் விந்தையை என்னென்பது! ஏழாம் நூற்றாண்டில் நாவுக்கரசரும் சம்பந்தரும் பாடிய திருவொற்றியூர் எங்கே போயிற்று? நம் திருத்தூதர் தோமாவின் நினைவைப் போற்றிய மயிலை எங்கே போயிற்று? கம்பெனிக்கு முன்பு இங்கே வெறும் மணல்தான் இருந்தது என்பது கம்பெனிக்கு வசதியான கதை. விடுதலை பெற்ற மக்கள் அக்கதைக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக் கொண்டாடுவது எவ்வகையிலும் பொருந்தாது.

சென்னப்பரும் ஸ்ரீரங்கராயரும்

இனிச் சென்னை என்ற பெயருக்கு வருவோம். வேங்கடப்ப நாயக்கரும், பூவிருந்தவல்லியில் இருந்த அவர்தம் உடன்பிறந்தார் ஐயப்ப நாயக்கரும் தம் தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயரால் புதிய குடியிருப்பு விளங்கவேண்டும் என்று விரும்பினர். அதனால் சென்னப்பட்டணம் எழுந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் வரலாறு. சென்னகேசவப் பெருமாள் கோயிலை ஒட்டி எழுந்த பெயர் என்பாரும் உளர். எவ்வாறாயினும், ஒரு தெலுங்கு நாயக்கத் தலைவரின் நினைவை இந்நகரம் சுமப்பதில் நமக்கு மனக்குறை இல்லை. தமிழும் தெலுங்கும் அருகருகே வாழ்ந்த மண் இது. நாம் கேட்பது ஒன்றே: மதராஸ் வந்தேறி, சென்னை மட்டுமே மண்ணின் மகள் என்று மேடையில் முழங்குவோர், இவ்விரண்டில் எது மூத்தது என்பதை ஆவணத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

ஆளுவோர் விரும்பியதாலேயே ஒரு பெயர் நிலைத்துவிடாது என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1645ஆம் ஆண்டு ஸ்ரீரங்கராயர் கம்பெனிக்குப் புதிய சாசனம் வழங்கினார். அதில் புதிய ஊர் ஸ்ரீரங்கராயப்பட்டணம் என்று அவர் பெயராலேயே குறிக்கப்பட்டது. அரசர் இட்ட பெயர். சாசனத்தில் ஏறிய பெயர். எவர் வாயிலும் அது ஏறவில்லை. இன்று ஏட்டைப் புரட்டும் ஆய்வாளரன்றி அதனை அறிவார் இலர். அரசர் இட்டது அழிய, கரையோர மக்கள் வழங்கியது நானூறு ஆண்டு நின்றது என்றால், ஊர்ப்பெயர் யாருக்கு உரியது என்பதைத் தனியே விளக்கவும் வேண்டுமோ?

நம்மவர் பெருமை

மூன்றாம் கூற்று நம் இல்லத்துக்கு உரியது. ஆகவே அதனைச் சற்றுக் கடுமையாகவே பேசவேண்டும். சாந்தோமில் போர்ச்சுக்கீசியர் எழுப்பிய இறையன்னை ஆலயத்தின் 'மாத்ரே தே தேயுஸ்' என்ற பெயரே மதராஸ் ஆயிற்று என்பர் சிலர். மதெய்ரோஸ் அல்லது மத்ரா என்ற செல்வக் குடும்பத்தின் பெயரிலிருந்து பிறந்தது என்பர் வேறு சிலர். 1927இல் சாந்தோம் லாசரு ஆலயப் பணியின்போது கிடைத்த, மனுவேல் மத்ரா என்ற பெயர் பொறித்த கல்லறைக் கல்லை இதற்குச் சான்றாகக் காட்டுவர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. அன்னையின் பெயரை ஒரு மாநகரம் சுமந்தது என்றால் எந்தக் கத்தோலிக்க உள்ளம் மகிழாது?

ஆனால் மகிழ்ச்சி சான்றாகாது. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியது 1498. கல்வெட்டு பொறிக்கப்பட்டது 1367. இடையே 131 ஆண்டுகள். போர்ச்சுக்கீசியரின் பாய்மரம் இக்கடலில் தோன்றுவதற்கு ஐந்து தலைமுறைக்கு முன்பே இருந்த ஊருக்குப் போர்ச்சுக்கீசியச் சீமான் எங்ஙனம் பெயர் தந்திருக்க முடியும்? ஒலி ஒத்திருப்பதால் உறவு கொண்டாடுவதாயின், மதரசா என்ற சொல்லிலிருந்து வந்தது என்போரின் வாதத்தையும் மறுக்க இயலாது. உண்மையைக் கொண்டாடவேண்டிய நாம், பிறருடைய பெயரை நம் திருச்சபையின் கணக்கில் வரவு வைத்தல் தகாது. அதுவும் யாருடைய பெயரை? ஏழை மீனவனுடைய பெயரை! சீமானுக்காக வலைஞனிடமிருந்து எடுப்பது நற்செய்தியின் வழியன்று.

இக்கரையில் வழங்கும் பழங்கதை ஒன்று இதைவிட நம் நெஞ்சைத் தொடவேண்டும். கோட்டைக்குக் குறித்த இடத்தில் மீனவர் தலைவர் ஒருவரின் வாழைத்தோட்டம் இருந்ததாம். மாதரசன் என்னும் அவர் கிறிஸ்தவராம். தோட்டத்தை விட்டுத்தர மறுத்தாராம். எழப்போகும் பட்டினத்துக்கு உம் பெயரையே வைப்போம் என்று கம்பெனியின் துபாசி திம்மப்பர் வாக்களித்த பின்னரே இசைந்தாராம். கல்வெட்டோடு வைத்துப் பார்த்தால் இதுவும் பெயரின் தோற்றத்தை விளக்காது. ஊர்ப்பெயர் அவரினும் மூத்தது. ஆயினும் இக்கதையைக் காத்துவைத்த மக்கள் எதை மறக்க விரும்பவில்லை என்பதை உற்று நோக்குங்கள். இந்த மணலில் எமக்கு ஒரு தோட்டம் இருந்தது. எம்மைக் கேட்டே எடுத்தனர். விலையாக ஒரு பெயரைத் தந்தனர் என்பதே அதன் உட்பொருள். அந்த வாக்கு இன்று எந்நிலையில் இருக்கிறது?

உதிர்ந்த பிற்பாதி

நெய்தல் நிலத்து ஊரைப் பட்டினம் என்றும் பாக்கம் என்றும் அழைப்பது தமிழ் மரபு. காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், காயல்பட்டினம் என்று நம் கடற்கரை முழுவதும் அச்சொல் ஒலிக்கும். இக்கரையின் மீனவர் தம்மைப் பட்டினவர் என்று சொல்லிக்கொள்வதும் அதனாலேதான். மதராசப்பட்டினத்திலும் சென்னப்பட்டணத்திலும் முற்பாதி ஒரு தலைவனுக்கோ தெய்வத்துக்கோ உரியதாக இருக்கலாம். பிற்பாதி கடலோடிகளுக்கு உரியது. அவ்வூர்கள் இரண்டும் அருகருகே வளர்ந்து ஒன்றாயின. மதராசப்பட்டினமே வடக்கில் இருந்தது என்று வரலாறு எழுதினோர் கூறுவர்.

இனி நடந்ததைக் காண்மின். ஆங்கிலேயர் தம் நாவுக்கு ஏற்பச் சுருக்கி மதராஸ் என்றனர், பட்டினம் உதிர்ந்தது. நாம் சென்னப்பட்டணத்தைச் சுருக்கிச் சென்னை என்றோம். அங்கும் பட்டணம் உதிர்ந்தது. 1996இல் ஒன்றை நீக்கி மற்றொன்றை அமர்த்தியபோது, இரண்டு பெயருக்கும் பொதுவாக இருந்த அந்த ஒரு சொல்லைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. மதராஸா, சென்னையா என்ற வழக்கில் வாதியும் பிரதிவாதியும் தலைவர்களின் பெயருக்காக நின்றனர். பட்டினவர்க்காக நின்றார் இலர்.

நம் நாட்டுப்புறத்து முதியோர் இதில் நம்மினும் தெளிவுடையோர். அவர்கள் மதராஸ் போகிறேன் என்றும் சொல்லவில்லை, சென்னை போகிறேன் என்றும் சொல்லவில்லை. பட்டணம் போகிறேன் என்றே சொன்னார்கள். தலைவன் பெயரை விட்டுவிட்டுக் கடலோரத்தான் பெயரை அவர்கள் வைத்துக்கொண்டனர்.

மறைந்த முகங்கள்

இம்மறதி நகரின் பெயரோடு நிற்கவில்லை. டோல்கேட்டின் இருபுறமும் உள்ள பெயர்களைப் பாருங்கள். இராமநாதபுரம் சீமையின் தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து, இல்லம் துறந்து, இப்பகுதியில் வந்து தங்கித் தவம் செய்தவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. 1792இல் பிறந்து 1838இல் மறைந்த இச்சூபிப் பெரியாரைச் சாதி சமயம் பாராமல் மக்கள் நாடி வந்தனர்; தொண்டியிலிருந்து வந்தவராதலால் தொண்டியார் என்று அழைத்தனர். அவர் வாழ்ந்த இடம் தொண்டியார்பேட்டை. நாளடைவில் தமிழர் நாவிலேயே அது தண்டையார்பேட்டை ஆயிற்று. தண்டை என்றால் காலணி. சொல்லில் தொண்டி இல்லை, துறவியும் இல்லை. வேடிக்கை என்னவெனில், ஆங்கில எழுத்தில்தான் இன்றும் தொண்டியார் மிஞ்சியிருக்கிறார். 2020 ஜூனில், 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்பத் திருத்த ஆணை பிறந்தபோது, தண்டையார்பேட்டை என்றே ஆங்கிலத்திலும் எழுதுமாறு பட்டியல் கூறிற்று. சில நாள்களில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. நின்றிருந்தால், தமிழைக் காப்பதாகச் சொல்லி ஒரு தமிழ்ச் சித்தரின் கடைசித் தடயத்தையும் துடைத்திருப்போம்.

காலடிப்பேட்டை வேறொரு பாடம் சொல்கிறது. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளரைக் குடியேற்றி அமைத்த ஊர் அது. காலட்பேட்டை மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. பெருமாளைக் காணக் காஞ்சிக்குக் கால்நடையாகச் சென்ற அடியார் ஒருவரைச் சுற்றி ஒரு பக்திக் கதையும் மலர்ந்தது. மக்கள் ஆளுநரை மறந்து அடியவரை நினைத்தனர். மறதியிலும் அவர்களுக்கு ஒரு தேர்வு இருந்தது. நம்முடைய மறதியிலோ அதுவும் இல்லை.

இராயபுரத்துக்கு வருவோம். இது நம் பெயர். இதற்கு நாமே பொறுப்பு. துறைமுகம் இல்லாத அக்காலத்தில் கப்பல்கள் ஆழ்கடலில் நின்றுவிடும். அலை மோதும் கரைக்கு ஆளையும் சரக்கையும் கொணர்ந்தவை மசூலாப் படகுகள். ஆணி இன்றிக் கயிற்றால் தைத்த பலகைகள். அலை அறைந்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அப்படகுகளை ஓட்டியவர்களுள் கத்தோலிக்கரும் பலர். சேப்பாக்கம் பகுதியில் வாழ்ந்த அவர்களைக் கம்பெனியார் வடக்கே இக்கரையில் குடியமர்த்தினர். அந்தக் குருகுல வம்ச வருணகுல முதலியார்கள் தம் உழைப்பின் பணத்தில் 1829இல் எழுப்பியதே புனித இராயப்பர் ஆலயம். அவ்விராயப்பரின் ஊரே இராயபுரம். தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை நிலையம் 1856இல் எழுந்ததும், பிற்காலத்தில் தேர்தல் தொகுதி அமைந்ததும் அப்பெயரின் கீழ்தான். உலக முதல் திருத்தந்தையான மீனவர் சீமோனின் பெயர், தமிழ்ப் படகோட்டிகளின் ஊருக்கு அமைந்ததைக் காட்டிலும் பொருத்தமான பெயரீடு வேறெங்கு உண்டு?

இன்று நம் மறைக்கல்வி வகுப்பில் இராயப்பர் யார் என்று கேட்டுப் பாருங்கள். 1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு பேதுரு என்ற பெயரை நிலைநாட்டியது. அனைத்துக் கிறிஸ்தவரும் ஒரே பெயரை வழங்குவது நல்லதே. அதில் நமக்கு மறுப்பு இல்லை. ஆனால் பழஞ்சொல்லை விட்டபோது, அச்சொல்லில் ஓர் ஊர் வாழ்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தோமா? ராயர் எவரோ ஆண்ட இடம் போலும் என்று நம் பிள்ளைகளே நினைக்கும் நாள் வந்துவிட்டது. அரசு மறந்தது என்று குற்றம் சாட்டுவோர் தம் பங்கின் பெயரைத் தாமே அறிந்திருத்தல் நன்று.

கடலுக்கு அப்பால் ஒரு சான்று

பெயரை வைத்துக்கொண்டு பெயருக்கு உரியவரை விரட்டுவது இக்கரைக்கு மட்டும் உரிய பழக்கமன்று. அமெரிக்காவின் மேலைக் கரையில் உள்ள சியாட்டில் மாநகரம், துவாமிஷ், சுக்குவாமிஷ் என்னும் தொல்குடி மக்களின் தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1850களில் வந்து குடியேறிய வெள்ளையருக்கு அவர் துணை நின்றார். அவர்களும் தம் ஊருக்கு அவர் பெயரை இட்டனர். 1865ஆம் ஆண்டு அதே ஊரின் மன்றம், தொல்குடியினர் ஊருக்குள் குடியிருக்கலாகாது என்று சட்டம் இயற்றிற்று. மறு ஆண்டில் தலைவர் மறைந்தார். துவாமிஷ் மக்கள் தம்மை ஒரு தனிக்குடியாக ஏற்குமாறு நடுவணரசை வேண்டினர். 2015இலும் அவ்வேண்டுகோள் மறுக்கப்பட்டது. பெயர் மாநகரத்தின் நெற்றியில். பெயருக்கு உரிய குடி பட்டியலுக்கு வெளியே!

அத்தலைவர் கத்தோலிக்கர் என்பதும், நோவா என்ற திருமுழுக்குப் பெயர் பெற்றவர் என்பதும், சுக்குவாமிஷில் புனித பேதுரு ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார் என்பதும் நம் வாசகர் அறியத்தக்கவை. இராயப்பரின் நிழலில் அங்கும் ஒருவர்! நிலத்தை விற்பது எப்படி என்று அவர் வினவியதாக ஓர் உரை உலகெங்கும் உலவுகிறது. தமிழிலும் பலர் அதனை எடுத்தாள்வர். அவர் 1854இல் பேசியதாகச் சொல்லப்படும் உரை, 33 ஆண்டு கழித்து 1887இல் ஒருவர் நினைவிலிருந்து செய்தித்தாளில் எழுதியது. இன்று புகழ்பெற்றிருக்கும் வடிவமோ 1970களின் தொடக்கத்தில் ஒரு திரைப்படத்துக்காகப் புனையப்பட்டது. இறந்த தலைவர் வாயில் அழகிய சொற்களை வைக்க எல்லாரும் முந்துகின்றனர். உயிரோடிருக்கும் அவர் மக்களின் சொல்லைக் கேட்கத்தான் செவிகள் இல்லை.

பெயரும் கரையும்

பெயரில் என்ன இருக்கிறது, வயிற்றுக்கு வழி சொல்லுங்கள் என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவை நாம் மதிக்கிறோம். வயிற்றின் வழக்கும் இதிலேயே அடங்கியிருக்கிறது என்பதே நம் விடை.

1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கடலுக்குள் நீண்ட அதன் சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கே மணலைக் கொண்டுசெல்லும் கடல் நீரோட்டத்தைத் தடுத்தன. தடுபட்ட மணல் தெற்கே குவிந்து மெரினாவை அகலமாக்கிற்று. மணல் வரவு நின்ற வடகரையைக் கடல் அரித்தது. நகரத்தார் மாலையில் காற்று வாங்கும் மணற்பரப்பு, இராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் இழந்த மணல் என்று சொன்னால் மிகையாகாது. வெள்ளத்தை விலகி ஒற்றச் செய்த தலம் என்பதால் ஒற்றியூர் எனப் பெயர் வந்ததாகத் தலவரலாறு கூறும். அவ்வூரிலேயே இன்று கடலை விலக்கக் கருங்கல் கொட்டித் தூண்டில் வளைவு அமைக்கின்றனர். ஒற்றி என்பதற்கு அடைமானம் என்றும் பொருள் உண்டு. வடகரை முழுவதும் நகரின் வசதிக்காக ஒற்றி வைக்கப்பட்டதோ என்று நாம் ஐயுறுகிறோம்.

எண்ணூரில் முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம், காட்டுக்குப்பம் என்னும் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவி, படகும் வலையும் கருகியதுபோல் ஆனபோதுதான் அப்பெயர்கள் செய்தித்தாளில் ஏறின. மீனவர் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளினர். அம்மாதம் 26ஆம் நாள் இரவு, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடினர். துன்பம் வந்தால் மட்டும் பெயர் சொல்லப்படும் ஊர்கள் இவை.

இம்மக்களை அப்புறப்படுத்த நினைப்போர் எடுத்து வீசும் சொல் ஆக்கிரமிப்பு என்பது. இங்கேதான் பெயர் வழக்கு நில வழக்கு ஆகிறது. நகரம் 1639இல் பிறந்தது என்று ஒப்புக்கொண்டால், அதற்கு முன்பே கரையில் இருந்தவன் கணக்கில் இல்லாதவன் ஆகிறான். பிறகு அவன் குடிசை நகரின் நிலத்தில் எழுந்த ஆக்கிரமிப்பாகத் தெரிகிறது. 1367இல் பட்டணம் இருந்தது என்று ஒப்புக்கொண்டால், பின்னால் வந்தவர் யார் என்ற வினா வேறு பக்கம் திரும்பும். 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர் ஊர்களையும் அவர்கள் பொதுவில் பயன்படுத்தும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்கவேண்டும் என்றும், அவர்களுடைய நெடுங்கால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வேண்டும் என்றும் கூறிற்று. பெயர் தெரியாத குப்பம் எந்த வரைபடத்தில் ஏறும்?

செய்யத்தக்கவை

ஆகவே மதராஸ் என்ற பெயரை மீட்டுத் தருமாறு நாம் கேட்கவில்லை. நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் அப்பெயரைச் சுமக்கட்டும். 1952இல் ஒன்றான நம் உயர்மறைமாவட்டமும் ஆங்கிலத்தில் மதராஸ் என்றும் தமிழில் சென்னை என்றும் மயிலையோடு சேர்த்து இரண்டையும் சுமக்கட்டும். நாம் கேட்பது உதிர்ந்த பிற்பாதியை. அதனை அரசாணையால் திரும்பப் பெற இயலாது; உழைத்தே பெறவேண்டும்.

முதலாவதாக, இக்கரையின் ஒவ்வொரு பங்கும் தன் எல்லைக்குள் உள்ள குப்பங்கள், தோட்டங்கள், தெருக்கள் ஆகியவற்றின் பெயர்களையும், அவை எப்படி வந்தன என்று முதியோர் சொல்வதையும் எழுதி வைக்கட்டும். திருவிழா மலரில் நன்கொடையாளர் பட்டியலுக்கு ஒதுக்கும் பக்கங்களில் இரண்டையேனும் இதற்குத் தரலாம். இராயப்பர் விழாவன்று இராயபுரம் யாருடைய ஊர் என்பதை மறையுரையில் சொல்லலாம். மசூலாப் படகைத் தைத்த கைகளே ஆலயத்தையும் கட்டின என்று பிள்ளைகள் அறியட்டும்.

இரண்டாவதாக, மதராஸ் போர்ச்சுக்கீசியர் தந்த கத்தோலிக்கப் பெயர் என்று நம் மலர்களிலும் மேடைகளிலும் பெருமை பேசுவதை நிறுத்துவோம். தொண்டியார் ஓர் இசுலாமியப் பெரியார் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லித் தருவோம். பிறர் பெயரைப் பிறருக்குத் தந்தால்தான் நம் பெயரை நாம் கேட்கும் தகுதி உண்டாகும்.

மூன்றாவதாக, மீனவர் ஊர்களின் எல்லையும் பெயரும் அரசு வரைபடங்களில் ஏறவேண்டும் என்று அம்மக்கள் கேட்கும்போது, அவர்களோடு போய் நில்லுங்கள். அவர்கள் நம் பங்கினராயினும் அல்லராயினும் நில்லுங்கள். பட்டா கேட்டு மனுவோடு வரிசையில் நிற்கும் பட்டினவர் ஒருவரிடம், நீ எந்த ஊர் என்று அலுவலர் வினவுவார். உன் ஊர் பெயரால்தான் ஐயா இந்த நகரத்தையே பட்டணம் என்கிறோம் என்று அவருக்காகச் சொல்ல, அந்த வரிசையில் நம்மில் நால்வரேனும் இருக்கவேண்டும்.